பேஸ் வளையாது: பண்டைக்காலப் போர் விளையாட்டில் நகர்வு விதிகளை எப்படிப் புரிந்துகொள்வது

மினியேச்சர், அதாவது சின்னச் சிப்பாய்ப் பொம்மைகள், வைத்து மேசைமேல் ஆடும் பண்டைக்காலப் போர் விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் பயப்படுவது சண்டை விதிகளைப் பார்த்துத்தான். யாருக்கு எத்தனை கூட்டல், எத்தனை கழித்தல், பகடையில் என்ன விழுந்தால் யார் சாவார் என்று பெரிய அட்டவணை இருக்கும். ஆனால் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டால் அந்த அட்டவணை மனப்பாடமாகிவிடும். உண்மையில் மண்டையை உடைப்பது நகர்வு விதிகள்தான். "இந்தக் குதிரைப்படை அங்கே போக முடியுமா, முடியாதா?" என்று இரண்டு பேர் மேசைமேல் குனிந்து, அளவுகோலை வைத்து, விதிநூலின் ஒரே வாக்கியத்தை நான்கு முறை படித்துக்கொண்டிருப்பது இந்த விளையாட்டில் சர்வசாதாரணம்.

எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பப் பிடிக்கும். சண்டையைப் பகடை முடிவு செய்கிறது. அந்தச் சண்டை எங்கே, எந்தக் கோணத்தில், யாருடைய விலாப்பக்கத்தில் நடக்கிறது என்பதை முடிவு செய்வது நகர்வு. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நகர்வைப் பற்றி மட்டும்தான்.

முதலில் அடிப்படை. தனித்தனி சிப்பாயாக எதையும் நகர்த்துவதில்லை. மூன்று நான்கு பொம்மைகளை ஒரு சின்ன செவ்வகத் தகட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள், அதற்குப் பேஸ் என்று பெயர். ஒரு பேஸ் என்பது நான்கு ஆட்கள் அல்ல, நூற்றுக்கணக்கான ஆட்கள் கொண்ட ஒரு படைப்பிரிவு. 1990-ல் வெளிவந்த டிபிஏ (டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்) என்ற விதிமுறையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஒரு பக்கத்துக்கு வெறும் 12 பேஸ்தான், தொடங்குபவர்களுக்கு வசதி. அதில் 15 மி.மீ. அளவுப் பொம்மைகளுக்குப் பேஸின் முன்விளிம்பு 40 மி.மீ. அகலம், 25 அல்லது 28 மி.மீ. பொம்மைகளுக்கு 60 மி.மீ. அகலம். எந்தப் படைக்கும் இந்த அகலம் ஒன்றுதான், ஆழம் மட்டும் மாறும். 15 மி.மீ. பொம்மைகளில், நெருக்கமாக நிற்கும் ஈட்டிப்படைக்கு 15 மி.மீ., குதிரைப்படைக்கு 30 மி.மீ., யானைக்கு 40 மி.மீ. இந்த எண்களைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே எல்லாக் கணக்கும் இதில்தான் போகும்.

சதுரங்கத்தில் கட்டம் இருக்கிறது, குதிரை எங்கே போகும் என்பதில் சந்தேகமே வராது. இங்கே கட்டம் கிடையாது. அளவுகோல்தான். ஒரு பேஸ் எந்தக் கோணத்திலும் நிற்கலாம், எந்த இடத்திலும் நிற்கலாம். சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆட்கள் நெளிவார்கள், ஒதுங்குவார்கள், அரை அடி தள்ளி நிற்பார்கள். பேஸ் என்பது வளையாத ஒரு செவ்வகம். நகர்வு விதிகளில் பாதி, படை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல எழுதப்பட்டவை. மீதிப் பாதி, செவ்வகம் வளையாது என்பதால் வரும் தொல்லையைச் சமாளிக்க எழுதப்பட்டவை. ஒரு விதியைப் படிக்கும்போது அது இந்த இரண்டில் எந்த வகை என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, முதல் புதிர்.

நான்கு ஈட்டிப்படை பேஸ்கள் ஒட்டி ஒட்டி ஒரே வரிசையில் நிற்கின்றன. எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றன, மூலையோடு மூலை தொடுகிறது. இதற்குக் குழு என்று பெயர். ஒரு முறைக்கு, அதாவது உங்கள் ஆட்டம் வரும் ஒவ்வொரு தடவைக்கும், 80 மி.மீ. நகரலாம் என்று வைத்துக்கொள்வோம். எதிரி வலது பக்கம் 90 பாகை திசையில் வந்து நிற்கிறான். இந்த வரிசை அவனைப் பார்த்துத் திரும்ப எத்தனை முறை ஆகும்?

புதிதாக ஆடுபவர்கள் "ஒன்று, மிஞ்சினால் இரண்டு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழு திரும்பும்போது வலது முன்மூலை நிலையாக நிற்கும், இடது முன்மூலை சுற்றிக்கொண்டு வரும், கதவு கீலில் திரும்புவது மாதிரி. இதை வீல் என்பார்கள். அதிக தூரம் போகும் முன்மூலையைத்தான் அளக்க வேண்டும். வரிசையின் அகலம் 160 மி.மீ. அந்த ஆரத்தில் கால் வட்டம் என்பது சுமார் 251 மி.மீ. ஒரு முறைக்கு 80 என்றால் மூன்று முறையில் 240 தான் ஆகிறது, இன்னும் 11 மி.மீ. பாக்கி. அதாவது நான்காவது முறைதான் முழுதாகத் திரும்பி முடிக்கும். அதற்குள் எதிரி சும்மா நின்றுகொண்டிருப்பானா?

இதே வரிசையை இரண்டு இரண்டாகப் பிரித்துவிட்டால்? அகலம் 80 மி.மீ. ஆகிவிடுகிறது, ஒரே முறையில் 57 பாகை திரும்பலாம். நான்காக இருந்தபோது 29 பாகைகூட முழுசாக வரவில்லை. அகலம் பாதியானால் திரும்பும் கோணம் இரட்டிப்பாகிறது. அப்புறம் ஏன் எல்லோரும் எப்போதும் பிரித்தே ஆடுவதில்லை? அங்கேதான் நகர்வுப் புள்ளி வருகிறது. டிபிஏவில் ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டுவீர்கள், விழுந்த எண்தான் அந்த முறைக்கான நகர்வுப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒரு தனி பேஸை நகர்த்தலாம், அல்லது ஒரு முழுக் குழுவை நகர்த்தலாம். நான்கும் சேர்ந்திருந்தால் ஒரு புள்ளி போதும், இரண்டாகப் பிரித்தால் இரண்டு புள்ளி, நான்காகச் சிதறினால் நான்கு. பகடையில் ஒன்று விழும் நாள் வரும், அன்றைக்குச் சிதறிய படை அப்படியே நிற்கும். சேர்ந்திருந்தால் மலிவு, ஆனால் மந்தம். பிரிந்திருந்தால் வேகம், ஆனால் செலவு. இந்த விளையாட்டின் முக்கால்வாசி முடிவுகள் இந்த ஒரு பேரத்துக்குள் அடங்கிவிடும்.

இங்கேயே ஒரு கிளைப் புதிரும் இருக்கிறது: மூலை போன தூரத்தை எப்படி அளப்பது, வளைந்த பாதையிலா, நேர்கோட்டிலா? சில விதிநூல்கள் வளைவில் அளக்கச் சொல்கின்றன, சில தொடங்கிய புள்ளிக்கும் முடிந்த புள்ளிக்கும் நடுவே நேராக அளக்கச் சொல்கின்றன. நான்கு பேஸ் வரிசைக்கு இதில் பெரிய வித்தியாசமே இல்லை, அரைப் பாகைகூடத் தேறாது. ஆனால் ஒற்றை பேஸை ஒரு மூலையில் ஊன்றித் திருப்பிப் பாருங்கள். ஆரம் 40 மி.மீ. தான். வளைவில் அளந்தால் 80 மி.மீ.யில் சுமார் 115 பாகை. நேர்கோட்டில் அளந்தால் 80 மி.மீ. என்பது அந்த வட்டத்தின் விட்டம், ஆகவே பேஸ் முழுதாக 180 பாகை திரும்பி முதுகு காட்டி நிற்கலாம். ஒரே விதி, அளக்கும் முறை மட்டும் வேறு, விளைவு தலைகீழ். ஆகவே புது விதிநூலைக் கையில் எடுத்தால் நான் முதலில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான்.

திரும்புவதை இவ்வளவு கஷ்டமாக்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். கஷ்டமாகத்தான் இருந்தது. கி.மு. 197-ல் சைனோசெபலே குன்றுகளில் மாசிடோனியாவின் ஐந்தாம் பிலிப்பும் ரோமத் தளபதி பிளமினினஸும் மோதினார்கள். பிலிப்பின் வலது பக்கம் நீண்ட ஈட்டிகளோடு சரிவில் இறங்கி ரோமர்களைத் தள்ளிக்கொண்டே போனது. மறு பக்கத்தில் பிலிப்பின் இடது அணி வரிசை கட்டி முடிப்பதற்குள்ளேயே ரோமர்கள் யானைகளோடு வந்து அதை உடைத்துவிட்டார்கள். அப்போது பெயர் தெரியாத ஒரு ரோம ட்ரிப்யூன், அதாவது படை அதிகாரி, 20 மேனிபிள்களை, அதாவது 20 சிறு படைக்குழுக்களை, அப்படியே திருப்பிக் கூட்டிக்கொண்டு போய், ஜெயித்துக்கொண்டிருந்த மாசிடோனிய வலது அணியின் முதுகில் பாய்ந்தார். நீண்ட ஈட்டியோடு நெருக்கமாக நின்ற அந்தக் கூட்டத்தால் திரும்பிச் சண்டையிட முடியவில்லை. நகர்வு விதிகள் சொல்வது இதைத்தான்: அகன்ற வரிசை முன்னே போகும்போது பயங்கரம், திரும்ப வேண்டி வந்தால் ஆபத்து. சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்த ரோமர்கள் இன்னொரு பக்கம் போய் நின்றார்கள். மேலே போட்ட 29 பாகைக் கணக்கையும் 57 பாகைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டைய கிரேக்கப் பயிற்சி நூல்களில் இரண்டு வகைத் திருப்பம் வருகிறது. ஒன்று மேலே சொன்னது, மொத்த அணியும் ஒரே உடலாகச் சுழல்வது. இன்னொன்று, ஒவ்வொரு ஆளும் நின்ற இடத்திலேயே வலது பக்கம் திரும்பிக்கொள்வது. இரண்டாவது நொடியில் முடிந்துவிடும். ஆனால் 32 பேர் அகலம், 8 பேர் ஆழம் என்று நின்ற அணி, இப்போது 8 பேர் அகலம், 32 பேர் ஆழம் ஆகிவிடும். இதை மேசையில் காட்ட முயன்றால் செவ்வகம் மறுபடி மல்லுக்கு நிற்கிறது. 40 மி.மீ. அகலம், 15 மி.மீ. ஆழம் உள்ள நான்கு ஈட்டிப்படை பேஸ்களை ஒவ்வொன்றாக அதன் நடுவில் வைத்து 90 பாகை திருப்புங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே 25 மி.மீ. இடைவெளி. ஆட்கள் திரும்பியபோது இந்த இடைவெளி வரவே இல்லை, தகடு திரும்பியதால் வந்தது. அதனால்தான் பல விதிநூல்களில் "வரிசையிலிருந்து நெடுவரிசைக்கு மாறும்போது பின்னால் உள்ளவை நெருங்கி ஒட்டிக்கொள்ளலாம்" என்பது மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும். இலவசமாக நகரவிடுகிறார்களே என்று தோன்றும். அது இலவசம் அல்ல, பேஸ் செய்த கோளாறைச் சரி செய்வது.

அடுத்தது, தொடங்குபவர்கள் அதிகம் சண்டை போடுவது: அச்சுறுத்தல் மண்டலம். டிபிஏவில் ஒவ்வொரு பேஸுக்கும் நேர் முன்னால் ஒரு பேஸ் அகலம், ஒரு பேஸ் அகல ஆழம் கொண்ட சதுரம் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும், அதாவது 40-க்கு 40. அந்தச் சதுரத்துக்குள் எதிரி வந்துவிட்டால் அவன் இஷ்டத்துக்குத் திரிய முடியாது. சுருக்கமாகச் சொன்னால் அவனுக்கு மூன்று வழிதான்: உங்களைப் பார்த்து நேராக நின்றுகொள்ளலாம், உங்கள்மேல் மோத வரலாம், அல்லது தனி பேஸாக இருந்தால் நேராகப் பின்வாங்கலாம். உங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே நடந்து அடுத்தவனைத் தாக்கப் போகக் கூடாது.

என் இலகு குதிரைப்படை எதிரியின் ஈட்டிப்படைக்கு முன்னால் 30 மி.மீ. தூரத்தில் குறுக்கே ஓடி, அந்தப் பக்கம் இருக்கும் வில்லாளிகளைத் தாக்க வேண்டும். முடியுமா? முடியாது, 30 என்பது 40-க்குள் இருக்கிறது. குதிரைப்படையின் முன்விளிம்பு மண்டலத்துக்குள் நுழைந்ததுமே அந்த ஓட்டம் முடிந்தது. 45 மி.மீ. தள்ளி ஓடினால்? தாராளமாகப் போகலாம். ஈட்டிப்படையின் விலாப்பக்கமாகவோ முதுகுக்குப் பின்னாலோ உரசிக்கொண்டு போனால்? அதுவும் போகலாம், மண்டலம் முன்னால் மட்டும்தான். இந்த 40 மி.மீ.யைக் கண்ணால் மதிப்பிட்டுச் சண்டை போடுவதைவிட, ஒரு கண்ணாடித் தாளில் 40-க்கு 40 சதுரம் ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். எதிரி பேஸின் முன்விளிம்பில் ஒட்டி வைத்தால் யார் உள்ளே, யார் வெளியே என்பது அப்படியே தெரியும். முன்கூட்டி அளப்பதை உங்கள் விதிமுறை அனுமதித்தால் வெட்கப்படாமல் அளங்கள். நகர்த்தும் முன் "இது உன் மண்டலத்துக்கு வெளியேதானே நிற்கிறது?" என்று எதிரில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர் சரி என்றதும் கையை எடுங்கள். அப்புறம் அரை மில்லிமீட்டருக்கு வாதம் வராது.

இப்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரவைக்கும் புதிர். மடிந்த வரிசை.

எதிரி இரண்டு ஈட்டிப்படை பேஸ்களை முன்மூலைகள் தொடும்படி வைக்கிறான், ஆனால் இரண்டாவதை ஒரு 10 பாகை உள்பக்கமாகத் திருப்பி வைக்கிறான். பார்ப்பதற்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் இரண்டு பேஸோடு மோதப் போகிறீர்கள். விதி என்ன? மோதும்போது உங்கள் முன்விளிம்பு அவன் முன்விளிம்போடு முழுதாக, மூலைக்கு மூலை பொருந்த வேண்டும். முதல் பேஸ் பொருந்திவிட்டது. இரண்டாவதைப் பொருத்தப் போனால் அது முதல் பேஸோடு இடிக்கிறது, ஏனென்றால் உங்கள் பக்கம் இருக்கும் கோணம் 180 இல்லை, 170 தான். 15 மி.மீ. ஆழத்தில், பின்பக்கம் சுமார் 2.6 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும். நிஜ ஆட்களாக இருந்தால் ஓரத்தில் நிற்பவன் தோளைச் சற்று ஒடுக்கிக்கொள்வான், சண்டை நடக்கும். தகடு தோளை ஒடுக்காது. ஆகவே 2.6 மி.மீ.க்காக ஒரு படைப்பிரிவு சண்டையே போட முடியாமல் நிற்கிறது!

இதை வேண்டுமென்றே செய்து தப்பிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது, அது தந்திரம் அல்ல, பேஸின் வடிவத்தை வைத்துச் செய்யும் வேலை. எந்தத் தளபதியும் தன் ஆட்களைப் பத்துப் பாகை சாய்த்து நிறுத்தியதால் எதிரி தாக்க முடியாமல் திகைத்து நின்றதில்லை. நல்ல விதிநூல்கள் இதற்குப் பதில் வைத்திருக்கின்றன: தாக்குபவர் முடிந்தவரை பொருந்திக்கொள்ள வேண்டும், அவரால் முடியாவிட்டால் தாக்கப்படுபவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும், இருவராலும் முடியாவிட்டால் பொருந்தியதாகவே வைத்துக்கொண்டு சண்டை நடக்கட்டும். உங்கள் விதிநூலில் இது எழுதப்படவில்லை என்றால் ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே எதிராளியோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். நடுவில் பேசினால் யாருக்கு லாபம் என்று பார்த்துத்தான் பேசுவார்கள்.

இடைவெளிப் புதிர் இதற்கு எதிர்மாதிரி, அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எதிரியின் இரண்டு பேஸ்களுக்கு நடுவே 38 மி.மீ. இடைவெளி, உங்கள் பேஸ் 40. நுழைய முடியாது. இது நியாயமான விதி என்பேன், இரண்டு படைகளுக்கு நடுவே இருக்கும் சந்தில் வரிசை கலையாமல் நுழைவது நிஜத்திலும் நடக்காத காரியம். 2 மி.மீ. தானே என்று விட்டுக்கொடுத்தால் அடுத்த முறை 4 மி.மீ. கேட்பார்கள்.

கடைசியாக, விடை சொல்ல எனக்கு மிகவும் பிடித்த நிலை. கதவை அடைப்பது என்று ஆட்டக்காரர்கள் இதைச் சொல்வார்கள். அட்டையில் 40-க்கு 15 துண்டுகள் நான்கு வெட்டி மேசையில் வைத்துக்கொண்டு படியுங்கள், தலையில் மட்டும் ஓட்டினால் பிடிபடாது.

நீலம் நம்முடையது, சிவப்பு எதிரி. நீலம் ஒன்றும் சிவப்பு ஒன்றும் முன்விளிம்பு பொருந்தி மோதிக்கொண்டிருக்கின்றன. நீலம் ஒன்றுக்கு வலது பக்கம் ஒட்டி நீலம் இரண்டு நிற்கிறது, அதற்கு எதிரே யாரும் இல்லை. உங்களிடம் ஒரே ஒரு நகர்வுப் புள்ளி, நகர்வு தூரம் 80 மி.மீ. நீலம் இரண்டை என்ன செய்வீர்கள்?

அதன் இடது முன்மூலை ஏற்கனவே சிவப்பு ஒன்றின் முன்மூலையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அந்த மூலையை ஊன்றிக்கொண்டு 90 பாகை இடது பக்கம் திருப்புங்கள். வலது முன்மூலை போகும் தூரம் நேர்கோட்டில் சுமார் 57 மி.மீ., வளைவில் அளந்தாலும் 63 மி.மீ. தான். எந்த முறையில் அளந்தாலும் 80-க்குள் அடங்குகிறது. இப்போது நீலம் இரண்டின் முன்விளிம்பு சிவப்பு ஒன்றின் விலாவில், முன்மூலையோடு முன்மூலை பொருந்தி நிற்கிறது. சிவப்பு ஒன்று திரும்பிக்கொள்ள முடியாது, அது முன்னால் ஒருவனோடு ஏற்கனவே மோதிக்கொண்டிருக்கிறது. சண்டையில் அதற்கு ஒரு கழித்தல் விழும். அதைவிட முக்கியம், சாதாரணமாகத் தோற்றால் ஓரடி பின்வாங்கித் தப்பித்திருக்கும் அந்தப் படை, விலாவில் ஆள் நிற்பதால் பின்வாங்க வேண்டி வந்த உடனேயே அழிந்துபோகும்.

இப்போது அதே நிலையில் ஒரே ஒரு மாற்றம். நீலம் இரண்டுக்கு எதிரே சிவப்பு இரண்டு நின்றிருந்தது, போன சுற்றில் அடி வாங்கித் தன் ஆழம் அளவுக்கு, அதாவது 15 மி.மீ., பின்னால் போய்விட்டது. கதவை அடைக்கலாமா? இடம் காலியாகிவிட்டதே என்று கை பரபரக்கும். முடியாது, இரண்டு காரணம். நீலம் இரண்டு இன்னும் சிவப்பு இரண்டின் 40 மி.மீ. மண்டலத்துக்குள்தான் நிற்கிறது, ஆகவே அவனைப் பார்த்துத்தான் எதையும் செய்ய முடியும். இரண்டாவது, நீலம் இரண்டின் முன்விளிம்பு 40 மி.மீ. நீளம், சிவப்பு ஒன்றின் விலா வெறும் 15 மி.மீ. மீதி 25 மி.மீ. பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், அது சரியாகச் சிவப்பு இரண்டு பின்வாங்கி நிற்கும் இடத்தில் போய் இடிக்கிறது. ஆகவே அந்த ஒரு புள்ளியைச் சிவப்பு இரண்டைத் துரத்திப் போய் மறுபடி மோதுவதற்குச் செலவிடுங்கள். அது அழிந்தாலோ ஓடிப்போனாலோ, அதற்கு அடுத்த முறை கதவு திறந்தே இருக்கும்.